சைவக்காரருக்கு ஆளி விதை போதுமா? கொழுப்பு அமிலமும் மரபணுவும்: கேள்வி-பதில்

கேள்வி: பரம்பரைச் சைவம் நாங்கள். மீன் இல்லாமல் ஒமேகா-3 கிடைக்குமா?

ஒமேகா-3 என்பது ஒரு கொழுப்பு அமில வகை. ஆளி விதையில் இருப்பது அவ்வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். மீனில் கிடைக்கும் ஒமேகா-3 அமிலங்களான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் அதிலிருந்து உங்கள் உடல்தான் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கான நொதிகளுக்குப் பொறுப்பு, 11ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் ஃபேட்ஸ்1, ஃபேட்ஸ்2 மரபணுக்கள். ஃபேட்ஸ்2-க்குள் 22 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் ஒரு துண்டு சிலருக்குக் கூடுதலாக இருக்கும். இருந்தால் விதையின் அமிலத்தை இ.பி.ஏ., டி.எச்.ஏ.வாக மாற்றும் வேலை வேகமாக நடக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்கள் புனேயில் ஆய்வுக்கு வந்தவர்களில் 68%, அமெரிக்கர்களில் 18% என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காய்கறி உணவு உண்டவர்களிடம் இயற்கைத் தேர்வு வேலை செய்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆனாலும் டி.எச்.ஏ. வரை போய்ச் சேர்வது யாருக்குமே சொற்பம்தான். கர்ப்பிணி என்றால் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள். முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும்.

கேள்வி: அப்படியானால் நமக்கு யோகம்தானே?

அவசரப்படாதீர்கள். அதே நொதிகள்தான் ஒமேகா-6 என்ற இன்னொரு கொழுப்பு வகையைச் சேர்ந்த லினோலெயிக் அமிலத்தை அராகிடோனிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அழற்சியைத் தூண்டும் பல பொருள்களுக்கு அதுவே மூலம். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிக அதிகம். நல்லெண்ணெயிலும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. கடலை எண்ணெயில் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். கடுகு எண்ணெயில் ஓரளவு உண்டு. எண்ணெய் டின்னைத் தூக்கி எறிய வேண்டாம், பஜ்ஜியைக் குறைத்தால் போதும்.

கேள்வி: எஸ்கிமோக்கள் கொழுப்பையே தின்று நலமாக வாழ்கிறார்களாமே?

கிரீன்லாந்து இனுயிட் மக்களைச் சொல்கிறீர்கள். சீல், திமிங்கிலக் கொழுப்பிலேயே இ.பி.ஏ., டி.எச்.ஏ. நேரடியாகக் கிடைப்பதால், உடலே தயாரிப்பதைக் குறைக்கும் ஃபேட்ஸ் மரபணு மாற்றங்கள் அவர்களிடம் பரவியிருப்பதை 2015இல் கண்டறிந்தார்கள். அவர்கள் சாப்பாடு அவர்களுக்கு.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கித் தந்த மரபணுப் பரிசோதனையில் 'ஒமேகா-3 குறைவு' என்று வந்தது. பயப்படலாமா?

வேண்டாம். இத்தகைய கணிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்தே உருவானவை. வேகமாக மாற்றும் ஃபேட்ஸ் வகை ஆப்பிரிக்க வம்சாவளியில் ஏறக்குறைய எல்லோரிடமும், மெதுவான வகை அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியில் பெரும்பாலோரிடமும் உண்டு. ஒரு கூட்டத்தாரின் கணக்கு இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. சந்தேகம் இருந்தால் இரத்தச் சிவப்பணுக்களில் கொழுப்பு அமில அளவை நேரடியாகவே அளந்துவிடலாம்.