தாக்கூருக்கு வயது 37

இந்த இதழ் கேள்வி பதில் பகுதி முழுக்க இந்தி நடிகர் சஞ்சீவ் குமாருக்கு. கேட்டவர்கள் எல்லோரும் மும்பை வாசகர்கள்.

கே: 'ஷோலே'யில் தாக்கூராக நடித்தபோது சஞ்சீவ் குமாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, சயான்

ப: இல்லை. 1938 ஜூலை 9-ல் சூரத்தில் பிறந்தவர்; இயற்பெயர் ஹரிஹர் ஜேட்டாலால் ஜரிவாலா. 1975 ஆகஸ்ட் 15-ல் படம் வெளியானபோது 37 முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். வீருவாக வரும் தர்மேந்திரா அவரைவிட இரண்டரை வயது மூத்தவர். 'திரிசூல்' (1978) இதையும் மிஞ்சும். அதில் அவருக்கு மகனாக வரும் சசி கபூர் பிறந்தது 1938 மார்ச்சில், 'அப்பா' பிறப்பதற்கு ஏறக்குறைய நாலு மாதம் முன்னால்!

ஜெயா பாதுரியோடு அவர் நடித்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1972-ல் 'பரிச்சய்' படத்தில் ஜெயாவுக்கு அப்பா. அதே வருடம் 'கோஷிஷ்' படத்தில் கணவர். 1973-ல் 'அனாமிகா'வில் காதலர். 'ஷோலே'யில் மாமனார். கதாநாயகர்கள் காதோரம் ஒரு நரைமுடிக்கே யோசித்த காலம் அது. இவருக்கு அந்தத் தயக்கமே கிடையாது. சினிமாவுக்கு வருமுன் நாடகத்தில் இருந்தபோதே, 22 வயதில், ஆர்தர் மில்லர் நாடகத் தழுவல் ஒன்றில் கிழவராக நடித்தவர். ஆனால் நிஜ முதுமையை அவர் பார்க்கவே இல்லை. 1985 நவம்பர் 6-ல் மாரடைப்பு; வயது 47.

கே: எங்கள் தமிழ்ச் சங்க நாடகத்தில் எனக்கு 65 வயதுக்காரர் வேடம். எனக்கு வயது 29. ஒத்திகையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சஞ்சீவ் குமாரிடமிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?
– வாசகர், செம்பூர்

ப: குரலை நடுங்கவிட்டு, இடுப்பை ஒடித்து நடக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். சிரிப்பு வருவது அதனால்தான். 'திரிசூல்' படத்தின் ஆர்.கே. குப்தாவைப் பாருங்கள்: முதுகு நிமிர்ந்தே இருக்கும். வயது தெரிவது வேகத்தில். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

நடையில் இடுப்பைத் தொடாதீர்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எட்டி வைக்கும் அடியைப் பாதியாகக் குறையுங்கள், போதும். நாற்காலியில் உட்காரும்போது முதலில் கை போய்க் கைப்பிடியைத் தேடட்டும். பிறகு உடம்பு இறங்கட்டும். உட்கார்ந்த பிறகு ஒரு மூச்சு, அப்புறம்தான் வசனம். இந்த வரிசை மாறினால் 29 வயது எட்டிப் பார்த்துவிடும். வசனத்தில் குரலை மாற்ற வேண்டாம், நீளமான வாக்கியத்தின் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குங்கள்.

ஒப்பனைக்கு வருவோம். முகப் பவுடரைத் தலையில் கொட்டாதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் இரண்டாவது காட்சிக்குள் வியர்வையோடு வழிந்து சட்டைக் காலரில் நிற்கும். தலையைத் தட்டினால் புகை மாதிரி கிளம்பும். வெள்ளை பான்கேக்கை (கட்டியாக வரும் ஒப்பனைப் பூச்சு) ஈரமாக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சமாக எடுத்து, முடி வளரும் திசைக்கு எதிராகக் காதோரத்தில் தடவுங்கள். காய்ந்ததும் சீப்பால் திருப்பி வாரினால் உள்ளிருந்து நரைத்தது போலத் தெரியும். புருவத்துக்கு இரண்டே இழுப்பு.

சுருக்கத்துக்குக் கறுப்புப் பென்சில் வேண்டவே வேண்டாம், ஐந்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் பட்டை போட்ட மாதிரி இருக்கும். நெற்றியைச் சுருக்கி, தானாக விழும் மடிப்பிலேயே பழுப்புப் பென்சிலால் வரைந்து விரலால் தேய்த்துவிடுங்கள். மடிப்புக்கு மேலே சருமத்தைவிட ஒரு சாயல் வெளிறிய பூச்சு. கடைசியாகக் கைகள். முகத்துக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, இளசான கையோடு மேடையேறுவது எல்லா அமெச்சூர் குழுவிலும் நடக்கிறது. விரல் எலும்புகளுக்கு நடுவே கொஞ்சம் பழுப்பு தடவினால் தீர்ந்தது.

கே: 'அங்கூர்' படத்தில் இரண்டு சஞ்சீவ் குமாரும் ஒரே காட்சியில் வருகிறார்களே, கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி எடுத்திருப்பார்கள்?
– வாசகர், தாராவி

ப: ஃபிலிம் காலத்து வழக்கமான முறையைச் சொல்கிறோம். கேமராவைக் கனமான ஸ்டாண்டில் இறுக்கி, லென்ஸுக்கு முன் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் இடது பாதியில் நடிப்பார். ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, நடிகர் உடை மாற்றி வந்ததும் அதே ஃபிலிமில் வலது பாதியை எடுப்பார்கள்.

கெடுவதற்கு வழிகள் நிறைய. கேமரா நூலளவு அசைந்தால் மேஜை விளிம்பு நடுவில் ஒடிந்து தெரியும். வெயிலில் எடுத்தால் உடை மாற்றும் நேரத்தில் நிழல் நகர்ந்துவிடும். நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் விரல் காணாமல் போகும். பார்வை இன்னொரு தொல்லை: எதிரே ஆளே இல்லை, இருக்க வேண்டியவரின் கண் உயரத்தில் ஓர் அடையாளத்தை வைத்து அதைப் பார்த்துப் பேச வேண்டும். எதிராளி வசனத்துக்கான இடைவெளி விட ஓர் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று படிப்பார். பழைய இரட்டை வேடப் படங்களில் இரண்டு பேருக்கும் நடுவே தூணோ, கதவுச் சட்டமோ, திரைச்சீலையோ இருந்தால், ஒட்டு அங்கேதான் இருக்கும்.

ஆனால் 'அங்கூர்' (1982) இந்தத் தந்திரத்தை நம்பி நிற்கும் படம் அல்ல. அவருடைய இரண்டு வேடங்களுக்கும் பெயர் அசோக்; இருவரும் நேருக்கு நேர் சந்திப்பது கடைசியில்தான். அதுவரை யார் எந்த அசோக் என்று நமக்குக் குழப்பம் வராததற்குக் காரணம் நடிப்பு. வெளியூர் அசோக் துப்பறியும் நாவல் பித்தர். யாரைப் பார்த்தாலும் பணம் பறிக்க வந்த கும்பலோ என்று கண் இடுங்கும். உள்ளூர்க்காரருக்கு வீட்டுச் சண்டையே பெரிய கவலை.

கே: சிவாஜியின் 'நவராத்திரி'யை இவர் இந்தியில் செய்தாராமே? யார் பெரியவர்?
– வாசகர், மாட்டுங்கா

ப: 'நயா தின் நயி ராத்' (1974), இயக்கியவர் நம் பீம்சிங். அதே ஒன்பது வேடங்கள். சாவித்திரி நடித்த பாத்திரத்தில் ஜெயா பாதுரி. ஒன்பது வேடத்தில் சிவாஜியே மேல் என்பது எங்கள் தீர்ப்பு. அந்தத் தெருக்கூத்துக் காட்சிக்கு இணை கிடையாது. சஞ்சீவ் குமாரின் பலம் வேடங்களை அடுக்குவதில் இல்லை, ஒரே ஆளுக்குள் அடங்கி நிற்பதில் இருக்கிறது. 'எங்கிருந்தோ வந்தாள்' கதையின் இந்தி வடிவம் 'கிலோனா' (1970). அதிலும் சிவாஜி செய்த பாத்திரத்தில் இவர். 'கோஷிஷ்' எதிர்த்திசையில் வந்தது. 1977-ல் கமல்ஹாசன், சுஜாதா நடிக்க 'உயர்ந்தவர்கள்' ஆனது.

கே: தாக்கூர் வேடத்துக்குத் தேசிய விருது கிடைத்ததா?
– வாசகி, முலுண்ட்

ப: இல்லை. அவருடைய இரண்டு தேசிய விருதுகளும் 'தஸ்தக்', 'கோஷிஷ்' படங்களுக்கு. சிறந்த நடிகருக்கான ஃபிலிம்பேர் 'ஆந்தி', 'அர்ஜுன் பண்டிட்' படங்களுக்கு.

கே: ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. அவருடன் உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, டோம்பிவிலி

ப: 'கோஷிஷ்'. நாயகன் நாயகி இருவருமே காது கேளாத, வாய் பேசாதவர்கள். மற்றவர்கள் பேசுவதை மட்டும் நீங்கள் இடையிடையே ஒரு வரியில் சொன்னால் போதும். பெற்றோர் குழந்தையின் காதருகே கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கும் காட்சி வரும். குழந்தை திரும்பாது. அப்போது சஞ்சீவ் குமாரின் முகத்தைப் பாருங்கள்: ஆட்டும் கை நிற்காமல் இருக்கும், முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை இழக்கும். அந்த இடத்தில் பாட்டிக்கு எதையும் விளக்காதீர்கள். அந்தக் கிலுகிலுப்பையில் என்ன கோளாறு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.