அரை நிமிடத்தில் தட்டைக் காலி செய்யும் முயல்

கேள்வி: ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் பிடிவாதத்துக்காக நான்கு மாதத்துக்கு முன் இரண்டு முயல் குட்டிகள் வாங்கினோம். இப்போது ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். கடைக்காரர் சொன்னபடி காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு டம்ளர் பெல்லட் (கடையில் விற்கும் அழுத்திய முயல் தீவனம்), ஒரே தட்டில் கொட்டி வைக்கிறோம். வெள்ளை மெதுவாகத் தின்னும். தவிட்டு நிறக் குட்டியோ தட்டு தரையில் படுமுன் பாய்ந்து விழுங்கும். பேராசை பிடித்த குட்டி என்கிறாள் மகள். போன வாரம் அப்படித் தின்றபோது மூக்கை மேலே தூக்கி, வாயில் எச்சில் வடிய, கர் கர் என்று சத்தம் போட்டது. ரெண்டு நிமிஷம் என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றோம். பிறகு தானாகச் சரியாகிவிட்டது. பெல்லட் மட்டும் போதும் என்கிறார் கடைக்காரர். மரச்சீனி (மரவள்ளி) இலை போடு, நன்றாகத் தின்னும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமனாரோ டீ குடிக்கும்போதெல்லாம் ரஸ்க் கொடுக்கிறார், சொன்னால் கோபித்துக்கொள்கிறார். எதைக் கொடுத்தால் பயமில்லை? மெதுவாகத் தின்ன வைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அந்த ரெண்டு நிமிஷத்திலிருந்தே தொடங்குகிறேன். காய்ந்த பெல்லட்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கியதால் தொண்டையில் தங்கியிருக்கிறது. நாயோ பூனையோ என்றால் கக்கித் தள்ளிவிடும். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, அதன் உடலமைப்பு அப்படி. மூச்சு விடுவதும் மூக்கு வழியாகத்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் நிலைமை கைமீறுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். தட்டை அகற்றுங்கள். முயலை உங்கள் உடம்போடு சேர்த்து, முதுகுக்கும் பின்காலுக்கும் தாங்கல் கொடுத்துப் பிடித்து, தலை கொஞ்சம் தாழ இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாயோரத்து எச்சிலையும் மூக்கில் ஒட்டியதையும் துணியால் துடையுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது, தலைகீழாக உதறுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்; முயலின் முதுகெலும்பு ஓர் உதறலில் முறிந்துவிடும். சில நொடிகளில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஓடுங்கள். தானாகச் சரியானாலும், பிறகு தும்மலோ மூச்சில் கரகரப்போ இருந்தால் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும்.

சரி, ஏன் இப்படி அள்ளி விழுங்குகிறது? பேராசை பிடித்த குட்டி என்று மகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பாவம், அதன் மேல் பழி போட வேண்டாம். முயல் இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துக்கொண்டே இருக்கிற பிராணி. அதன் பல் ஆயுள் முழுக்க வளரும், வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். அந்தப் பல் தேய வேண்டும் என்றால் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மணிக்கணக்கில் புல்லை அரைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதற்கு நாளுக்கு இரண்டு முறை தட்டு வருகிறது. இடையில் பன்னிரண்டு மணி நேரம் வாய் சும்மா. தட்டிலோ இன்னொரு வாய் போட்டிக்கு நிற்கிறது. நாமே அந்த இடத்தில் இருந்தால் கல்யாணப் பந்தியில் கடைசி வடைக்குப் பாய்வது போலத்தான் பாய்வோம்.

ஆகவே எது பாதுகாப்பான தீனி, எப்படி மெதுவாகத் தின்ன வைப்பது என்ற உங்கள் இரண்டு கேள்விக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: புல். தின்ன நேரம் பிடிக்கிற தீனி. ஒரு பிடி பெல்லட் ஐந்து நிமிடத்தில் தீரும். ஒரு கட்டுப் புல் அரை நாள் ஓடும். தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக, முடிந்தவரை காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அது கூட்டில் ஒரு நேரமும் தீரக் கூடாது. வயிற்றில் எப்போதும் புல் இருந்தால் பெல்லட்டைப் பார்த்துப் பாய்கிற வெறி பாதி தணிந்துவிடும்.

இணையத்தில் தேடினால் டிமோத்தி புல் வாங்கச் சொல்வார்கள். குளிர்நாட்டுப் புல் அது. நல்லதுதான், கட்டுப்படியானால் வாங்குங்கள். ஆனால் அருகம்புல்லும் கினியாப்புல்லும் முளைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதற்காக ஏங்க வேண்டியதில்லை. பசு வளர்க்கிறவர்களிடம் நேப்பியர் புல் கிடைக்கும். முற்றிய தண்டை விட்டுவிட்டு இலையைப் போடுங்கள். வைக்கோலை மட்டும் நம்பாதீர்கள். நார் உண்டு, சத்து குறைவு. படுக்கையாகப் போட்டால் அதைக் கொறித்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

எங்கே அறுப்பது என்பதுதான் நம் மாவட்டத்தில் பெரிய கேள்வி. ரப்பர் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கிறார்கள். தோட்டக்காரரிடம் கேட்காமல் ஒரு கைப்பிடி கூட அறுக்காதீர்கள். ரோட்டோரப் புல்லும் வேண்டாம். மழையில் நனைந்ததையோ, அறுத்துக் குவியலாக வைத்துச் சூடேறிப் போனதையோ கொடுத்தால் வயிறு ஊதும்.

காய வைப்பதில் ஒரு தடவை நானே பட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அவசர அவசரமாக அறுத்து, முக்கால் காய்ச்சலில் பிளாஸ்டிக் சாக்கில் திணித்துக் கட்டி வைத்தேன். பத்து நாள் கழித்து அவிழ்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூசணம், பழைய செருப்பு வாடை. அத்தனையும் உரக்குழிக்குப் போனது. பூசணம் பிடித்த புல் முயலுக்கு விஷம். உதறிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கவே கூடாது. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (ஐப்பசி மழை) மாறி மாறிப் பெய்கிற ஊர் இது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வெயில் காய்கிற மாசியில் புல்லை அறுத்து, மாடியில் பாயில் பரத்தி, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காய வையுங்கள். கையில் முறுக்கினால் ஈரம் தெரியக் கூடாது, நிறம் பச்சை குறையாமல் இருக்க வேண்டும், மணமும் நல்லதாக வர வேண்டும். சணல் சாக்கில் போட்டுக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மழைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

அப்புறம் மரச்சீனி. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதில்தான் சொல்லியிருப்பார், ஆனால் வேண்டாம். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பஞ்சம் தாங்க மரச்சீனியைப் பரப்பினார். அன்றிலிருந்து நம் ஆட்கள் அதை அவித்து, தண்ணீரை ஊற்றிக் களைந்துதான் தின்கிறோம். பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதுதான் காரணம். மரச்சீனி இலை தின்று ஆடு சுருண்டு விழுந்த கதை நம் பக்கத்தில் ஊருக்கு ஒன்று கேட்கலாம், முயல் எம்மாத்திரம்? ரப்பர் விதையிலும் அதே சமாச்சாரம் உண்டு. அது வெடித்து விழுகிற மாதங்களில் முயலை முற்றத்தில் விட்டால் கண் வைத்திருங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாமிக்குப் போட்ட மாலை வாடியதும் ‘பூதானே, தின்னட்டும்’ என்று கூட்டில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோவாளைச் சந்தையிலிருந்து வரும் மாலையில் பிச்சி, கேந்தியோடு அரளியும் இருக்கும். அரளி இதயத்தை நிறுத்துகிற விஷம், பூவும் இலையும் எல்லாமே. எருக்கு, உண்ணிச்செடி, தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற குரோட்டன்ஸ், டைஃபன்பேக்கியா இவையும் முயலின் வாய்க்கு எட்டக் கூடாது. அடுக்களையிலிருந்து வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, வெண்ணெய்ப்பழம், சாக்லேட் எதுவும் வேண்டாம்.

கொடுக்கக்கூடிய இலைகளுக்குப் பஞ்சமில்லை. கொத்தமல்லி, புதினா, கேரட்டின் தலையில் இருக்கும் இலை, செம்பருத்தி இலை, கொய்யாக் கொப்பு, மூங்கில் இலை. முருங்கையிலும் அகத்தியிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கொஞ்சமாக. முளைக்கீரை, தண்டுக்கீரையும் தினமும் வேண்டாம். எதுவானாலும் கழுவி, ஈரம் வடிய விட்டு, புதிய இலை என்றால் முதல் நாள் ஒரே ஒரு கிளை. மறுநாள் புழுக்கை சரியாக இருந்தால் மட்டும் கூட்டுங்கள். கேரட் என்பது படத்தில் வருகிற முயலுக்குத்தான். நிஜ முயலுக்கு அது மிட்டாய் மாதிரி, விரல் நுனி அளவு போதும். பழமும் அப்படியே. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழமே ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மெல்லிய வட்டம்.

பெல்லட்டை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். உங்கள் முயலுக்கு நாள் முழுவதற்கும் 50 கிராம்தான். ஒரு டம்ளர் என்பது 100 கிராமைத் தாண்டும், அதை நீங்கள் இரண்டு வேளை கொடுக்கிறீர்கள். நாலு மடங்கு! இறைச்சிக்காக வளர்க்கிறவர்கள் சீக்கிரம் எடை ஏற்ற அள்ளிக் கொடுப்பார்கள். கடைக்காரர் அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லியிருக்கிறார். பையில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோளமும் விதையும் கலர் கலராகக் கலந்தது வேண்டாம், பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும். கோழித்தீவனம் கூடவே கூடாது, அதில் கலக்கும் சில மருந்துகள் முயலைக் கொல்லும். ஒரே நாளில் குறைக்காதீர்கள். பத்து நாளில் பெல்லட்டைப் படிப்படியாக இறக்கிப் புல்லை ஏற்றுங்கள்.

அந்த 50 கிராமை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தவிட்டுக் குட்டியின் வேகம் குறையும். தட்டை எடுத்து உள்ளே வையுங்கள். முதலில் புல், அது தின்னத் தொடங்கிய பிறகு பெல்லட். இரண்டு முயலுக்கும் தனித்தனியாக, ஒன்றின் தீனி மற்றதற்குத் தெரியாத தூரத்தில் வையுங்கள். நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைப் பெல்லட்டைப் புல்லுக்குள் தூவிவிட்டால் மூக்கால் துழாவித் துழாவி ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். நான் பார்த்ததில் நன்றாக வேலை செய்தது சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி. நாரைச் சுரண்டி எடுத்த ஏழெட்டுச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து பெல்லட். முயல் மூக்கால் ஒன்றைத் தள்ளும், புரட்டும், தின்னும், அடுத்ததற்குப் போகும். அரை நிமிட வேலை கால் மணி நேரம் ஆகிவிடும். சாயம் பூசாத பனையோலைப் பெட்டியில் புல்லோடு கலந்தும் வைக்கலாம். பெட்டியையும் கடிக்கும், கடிக்கட்டும்.

தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உடைத்தால் உள்ளே புல் தூள் போல இருந்தால் எல்லாம் சரி. நல்லமிளகு அளவுக்குச் சுருங்கினால் சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். திராட்சைக் குலை மாதிரி பிசுபிசுப்பாக ஒன்று வரும். அதை முயல் குனிந்து அப்படியே தின்னும். மகள் முகம் சுளித்தால் சொல்லுங்கள், சத்து நிறைந்த இரண்டாம் சாப்பாடு அது, தடுக்கக் கூடாது. அதைத் தின்னாமல் தரையில் விட்டு மிதித்துக்கொண்டிருந்தால் பெல்லட் இன்னும் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் தின்னவில்லை, அல்லது புழுக்கை விழவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து முயலும் போய்விடும். பக்கத்தில் முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நடுவில் ஒன்று கேட்க மறந்தேன். இரண்டும் ஒரே பாலா, ஆணும் பெண்ணுமா? சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். தவிட்டுக் குட்டியின் பசிக்கு வேறு காரணம் இருக்கவும் கூடும். மருத்துவரிடம் போகும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மாமனார் விஷயம். ரஸ்க், பிஸ்கட், சோறு, ஏத்தங்காய்ச் சிப்ஸ் எல்லாமே மாவுச்சத்து. முயலின் குடலில் அது புளித்துக் காற்றையும் கழிச்சலையும் உண்டாக்கும். ஆனால் இதைச் சொல்லி அவர் கையைத் தட்டிவிட்டால் நீங்கள் பார்க்காத நேரத்தில் கொடுப்பார். முயல் ஓடிவந்து கையிலிருந்து வாங்கித் தின்கிற அந்த நிமிடம்தான் அவருக்கு வேண்டும். அதனால் சாயங்காலச் சிரட்டை வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். எண்ணி வைத்த பெல்லட்டைக் கையில் கொடுத்து, ‘மாமா, நீங்க ஒளிச்சு வச்சாத்தான் அது மெதுவாத் தின்னுது’ என்று சொல்லிப் பாருங்கள். டீ நேரத்துக்கு நாற்காலி பக்கத்தில் ஒரு கொய்யாக் கொப்பு இருக்கட்டும். ரஸ்க்கை அவரே முக்கித் தின்னட்டும்.