சுமேரியப் பலகைகளில் வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்களா? வீட்டிலேயே சரிபார்க்கும் வழி

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ஆறு மாதமாக யூடியூபில் அனுன்னாகி பற்றிய வீடியோக்கள்தான் பார்க்கிறான். நிபிரு என்ற கிரகத்திலிருந்து வந்தவர்கள், தங்கம் வெட்டுவதற்காக மரபணுவை மாற்றி மனிதனை உருவாக்கினார்கள், இதெல்லாம் சுமேரியக் களிமண் பலகைகளிலேயே எழுதியிருக்கிறது என்கிறான். பள்ளி வரலாற்று புராஜெக்ட்டுக்கும் இதைத்தான் எழுதப்போகிறானாம். "தப்பு என்றால் நிரூபித்துக் காட்டுங்கள் அம்மா" என்கிறான். அந்த மொழி எங்கள் யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பலகை, எத்தனையாவது வரி?" மெசொப்பொத்தேமிய (இன்றைய ஈராக் பகுதி) இலக்கியங்களுக்கு வரி எண்ணோடு பதிப்புகள் இருக்கின்றன, மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. வரி எண்ணைச் சொல்ல முடிந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்த வீடியோக்களில் வரி எண் வருகிறதா என்று அவனையே கவனிக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள். உங்கள் மகன் கேட்டதில் பாதி உண்மை. தெய்வங்கள் தங்கள் வேலையைச் சுமக்க மனிதனைப் படைத்தார்கள், களிமண்ணோடு ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் கலந்தார்கள் என்பது அந்தப் பழங்கதையில் நிஜமாகவே இருக்கிறது. இதை மறுத்துப் பேச்சை ஆரம்பித்தால், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்ப மாட்டான்.

மீதிப் பாதி செக்கரியா சிட்சின் என்பவரிடமிருந்து வந்தது. பாகூவில் பிறந்து பாலஸ்தீனத்தில் வளர்ந்து லண்டனில் பொருளாதாரம் படித்தவர். 1976-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில்தான் இந்தக் கதை முழு உருவம் பெற்றது: 3,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் நிபிரு, சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து இறங்கிய அனுன்னாகிகள், ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் தங்கம், பிறகு ஆதி மனித இனத்தோடு தங்கள் மரபணுவைக் கலந்து உண்டாக்கிய அடிமை மனிதன். இன்றைய வீடியோக்கள் பெரும்பாலும் இதைத்தான் மறுபடி மறுபடி சொல்கின்றன.

இப்போது மூலத்துக்கு வருவோம். அந்தப் படைப்புக் கதையின் பெயர் அத்ரஹாசிஸ். கையில் கிடைத்திருக்கும் முக்கியமான பழைய பிரதி அம்மிசதூக்கா என்ற பாபிலோன் அரசரின் காலத்தில், கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. படியெடுத்தவர் தன் பெயரையே குறித்து வைத்திருக்கிறார்: இப்பிக்-ஆயா. மொழி சுமேரியம்கூட இல்லை, பாபிலோனியரின் மொழியான அக்காடியம். மூன்று பலகைகள், மொத்தம் 1,245 வரிகள். லாம்பர்ட், மில்லார்ட் என்ற இரு அறிஞர்கள் 1969-இலேயே மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டுவிட்டார்கள். சிட்சினின் புத்தகத்துக்கு 7 ஆண்டுகள் முன்பே, யாரும் வாங்கிப் படிக்கும்படி அது இருந்தது.

முதல் வரியே, தெய்வங்கள் மனிதர்களைப் போல இருந்த காலம் என்று தொடங்குகிறது. பெரிய தெய்வங்கள் உத்தரவு போட, இகிகி என்னும் சிறு தெய்வங்கள் வேலை செய்கிறார்கள். என்ன வேலை? கால்வாய் வெட்டுவது. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளையே அவர்கள்தான் தோண்டுகிறார்கள். இரவும் பகலும் மண்வெட்டி, மண்கூடை. ஒருநாள் பொறுக்க முடியாமல் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் என்லில் தெய்வத்தின் வீட்டு வாசலைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கலகத்துக்குத் தலைவன் யார் என்று கேட்டு ஆள் வருகிறது. "நாங்கள் ஒவ்வொருவரும்தான் போர் அறிவித்தோம்" என்று பதில் போகிறது. வேலைநிறுத்தம் பற்றி எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கதைகளில் இது ஒன்று. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் என் கை பக்கத்தைத் திருப்பாமல் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வாகத்தான் மனிதன் வருகிறான். வே-இலு என்ற தெய்வத்தைக் கொன்று, அவன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணில் பிசைகிறார்கள். தெய்வங்கள் அந்த மண்ணின்மேல் உமிழ்கிறார்கள். தாய்த்தெய்வம் 14 உருண்டைகளைக் கிள்ளி எடுத்து, ஏழை வலப்பக்கமும் ஏழை இடப்பக்கமும் வைத்து, நடுவில் ஒரு செங்கல்லை வைக்கிறாள். பத்தாம் மாதம் பிரசவம் நடக்கிறது. அந்தக் கால மெசொப்பொத்தேமியப் பெண்கள் செங்கல்லின் மேல் குந்தித்தான் பிள்ளை பெற்றார்கள். பிரசவ வீட்டில் ஒன்பது நாள் செங்கல் வைத்திருக்க வேண்டும் என்று கதை அங்கேயே சொல்கிறது. ஆய்வுக்கூடம் என்று வீடியோக்காரர்கள் காட்டும் இடம், அந்த ஊர் மருத்துவச்சிக்குத் தெரிந்த பிரசவ அறை.

இரத்தம் ஏன் என்பதற்கும் கதையே விளக்கம் தருகிறது. கொல்லப்பட்ட வே-இலுவிடம் 'தேமு' இருந்தது. தேமு என்றால் அறிவு. இறந்த பின் மனிதனில் மிஞ்சும் ஆவிக்கு அக்காடியத்தில் 'எதெம்மு' என்று பெயர். மனிதன் என்பதற்கு 'அவீலு'. வே-இலு, அவீலு, தேமு, எதெம்மு என்று கவிஞர் ஒலிகளைக் கோத்து விளையாடுகிறார். மனிதனுக்கு அறிவு எங்கிருந்து வந்தது, செத்த பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சுவதாக ஏன் தோன்றுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சிலேடையில் பதில். இதை மரபணு என்று வாசித்தால் அந்தக் கவிஞரின் உழைப்பு முழுவதும் மண்ணோடு போய்விடும். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அதுதான்.

சரி, தங்கம் எங்கே? மனிதனைப் படைக்கும் பகுதியில் தங்கம் என்ற சொல்லே வரவில்லை. மண்கூடைதான் வருகிறது. தெற்கு மெசொப்பொத்தேமியா முழுக்க வண்டல் மண். கால்வாயில் படியும் சேற்றை விடாமல் வாராவிட்டால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது, ஊரே பட்டினி கிடக்கும். அரசு ஆள்பிடித்து வாங்கிய அந்தக் கட்டாய உழைப்பு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கதை சொல்கிறது. உங்கள் மகன் செய்யவேண்டிய முதல் சோதனை இது: மொழிபெயர்ப்பைத் திறந்து, படைப்புப் பகுதியில் தங்கத்தைத் தேடட்டும்.

இன்னொன்றும் பார்க்கலாம். 'சுமேரியப் பலகை சொல்கிறது' என்பார்கள், பலகைகளோ ஒன்றுபோலச் சொல்வதில்லை. மண்வெட்டியைப் பாடும் ஒரு சுமேரியப் பாட்டில், என்லில் மனிதனின் முதல் உருவைச் செங்கல் அச்சில் வைக்கிறார், மனிதர்கள் பயிர்போல மண்ணைக் கீறிக்கொண்டு முளைக்கிறார்கள். பிற்காலத்துப் பாபிலோனியப் படைப்புக் காவியமான எனுமா எலிஷில் கொல்லப்படுபவன் கிங்கு என்ற வேறொரு தெய்வம். நடந்த நிகழ்ச்சி ஒன்றின் பதிவுகளாக இருந்தால் இத்தனை வேறுபாடு வந்திருக்காது.

அடுத்தது சொற்கள். அனுன்னாகி என்பதற்கு 'வானிலிருந்து பூமிக்கு வந்தவர்கள்' என்று சிட்சின் பொருள் சொன்னார். 'அன்' வானம், 'கி' பூமி, ஆகவே என்று நீளும் வாதம். தமிழ் தெரியாத ஒருவர் வான்கோழி என்ற சொல்லை வான், கோழி என்று பிரித்து, தமிழர்கள் விண்ணிலிருந்து இறங்கிய பறவையை வளர்த்தார்கள் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அதே வேலைதான் இது. சுமேரியத்தில் பல இடங்களில் அந்தச் சொல் வெறும் 'அனுன்னா' என்றே வருகிறது, பூமி அதில் இல்லவே இல்லை. அறிஞர்கள் தரும் பொருள் 'தலைவனின் வித்து', அதாவது பெருந்தெய்வத்தின் வழிவந்தோர். தமிழ் வீடியோக்கள் சில 'ஊர்' என்ற நகரப் பெயரைக் காட்டி சுமேரியர் தமிழர் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்த பெயர் 'உரிம்'. சுமேரியம் வேறு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஒலி ஒத்துப்போனால் போதும் என்று விட்டால் எதையும் எதனோடும் ஒட்டவைக்கலாம்.

நிபிரு என்பது அக்காடிய 'நேபெரு'. ஆற்றைக் கடக்கும் இடம், ஓடத்துறை என்று பொருள். விண்மீன் பட்டியல்களில் அது மார்துக் தெய்வத்தின் விண்மீன், பெரும்பாலும் வியாழன். பாபிலோன் வானியலாளர்கள் கண்ணால் கண்ட கோள்கள் ஐந்து: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. இவற்றின் நகர்வை வியக்கத்தக்க துல்லியத்தோடு கணக்கிட்டவர்கள் அவர்கள். ஆறாவதாக ஒரு கோளை அறிந்திருந்தால் அதையும் பட்டியலில் எழுதியிருப்பார்கள்.

பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள விஏ 243 என்ற உருளை முத்திரையை மகன் உங்களிடம் காட்டியிருக்கலாம். நடுவில் ஒரு நட்சத்திரம், சுற்றிலும் புள்ளிகள், சூரியனும் கோள்களும் இதுதான் என்பார்கள். மெசொப்பொத்தேமியாவில் சூரியனுக்கு நிலையான சின்னம் உண்டு: வட்டத்துக்குள் நாலு முனை, முனைகளுக்கு நடுவே அலைபோல நெளியும் கதிர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, சிப்பார் நகரத்துச் சூரியதெய்வம் ஷமாஷின் பலகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முத்திரையில் இருப்பதோ ஆறு முனை நட்சத்திரம், அலைக்கதிர் கிடையாது. அதில் பொறித்த எழுத்திலும் பெயர்களும் 'பணியாள்' என்ற சொல்லும்தான் உள்ளன, வானியல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

3,600 என்ற எண்ணுக்கு நீங்களே கணக்குப் போடலாம். சுமேரியர் அறுபதின் அடிப்படையில் எண்ணியவர்கள். 60×60 தான் 'சார்', நமக்கு ஆயிரம், லட்சம் போல. கெப்ளர் விதிப்படி 3,600 ஆண்டில் ஒரு சுற்று என்றால் சராசரித் தூரம் சூரியனிலிருந்து பூமிக்குள்ள தூரத்தைப்போல் சுமார் 235 மடங்கு. அந்தக் கோள் தன் காலத்தில் பெரும்பகுதியைக் கடும் குளிரிலும் இருட்டிலும்தான் கழிக்கும். சூரியக் குடும்பத்தின் வயது 450 கோடி ஆண்டுகள். அத்தனை காலமும் அது உள்ளே வந்து போயிருந்தால் 12 லட்சம் தடவைக்கு மேல் வந்திருக்கும். அதன் ஈர்ப்பு இழுத்த இழுப்பில் செவ்வாயும் பூமியும் இப்படி ஒழுங்கான பாதையில் நீடித்திருக்க முடியாது.

மரபணுவில் '223 அந்நிய மரபணுக்கள்' என்றும் சொல்வார்கள். 2001-இல் மனித மரபணுத் தொகுப்பு வெளியானபோது, சில மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து நேரடியாக வந்திருக்கலாம் என்று ஒரு ஊகம் வந்தது. வேற்றுக்கிரகம் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் உயிரினங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் எண்ணிக்கை 40 அளவுக்குச் சுருங்கியது.

"அறிஞர்கள் வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்க்கிறார்கள்" என்று மகன் கடைசியாகச் சொல்லக்கூடும். இந்த மொழிபெயர்ப்புகளை நம்பலாமா என்ற சந்தேகத்துக்காகவே 1857-இல் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. முதலாம் திக்லத்-பிலேசர் என்ற அசிரிய அரசரின் கல்வெட்டு வாசகத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பர்ட், டால்பட் என்ற நால்வர் தனித்தனியே மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் கொடுத்தார்கள். பிரித்தபோது சாரம் ஒத்துப்போனது. அப்புறம், பழைய எழுத்தர்களே சுமேரியச் சொல்லுக்கு நேரே அக்காடியப் பொருளை எழுதிவைத்த அகராதிப் பலகைகள் கிடைத்திருக்கின்றன. நேபெரு என்றால் என்ன என்று இன்றைய பேராசிரியரை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

புராஜெக்ட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். தலைப்பை மட்டும் 'அத்ரஹாசிஸ் சொல்வதும் சிட்சின் சொல்வதும்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் சிட்சினின் கூற்று, எதிர்ப்பக்கத்தில் வரி எண்ணோடு மூலம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சுமேரிய இலக்கிய மின்தொகுப்பு இணையத்தில் இலவசம், மண்வெட்டிப் பாட்டு அதில் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சுமேரிய அகராதியும் இலவசம். 1921-இல் தொடங்கி 2011-இல் முடிந்த சிகாகோ அசிரிய அகராதியின் எல்லாத் தொகுதிகளையும் பிடிஎஃப் ஆகவே இறக்கலாம். அதில் 'நேபெரு' என்ற பதிவை அவனே திறந்து, எந்தெந்தப் பலகையில் என்னென்ன பொருளில் வருகிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.

மனிதனைப் படைக்கும் கதை வருவது அத்ரஹாசிஸின் முதல் பலகை, 416 வரிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் படித்துவிடலாம். அவனை மட்டும் படிக்கச் சொல்லாமல் நீங்களும் கூட உட்காருங்கள். மண்கூடைகள் எரியும் இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அந்தச் சிறு தெய்வங்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அவனிடம் கேளுங்கள்.