நிலத்தை அடகு வைப்பதற்கு முன் லேபைப் பார்த்துவிட்டு வாருங்கள்

போன வாரம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகன் படிப்புக்கு யோசனை கேட்டு வந்திருந்தார். மகனுக்கு கட் ஆஃப் 168. வீட்டில் பழுதான மிக்சி, டார்ச் லைட் எதையும் விட்டுவைக்காமல் பிரித்துப் பார்க்கிற பையன். எலக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன் என்கிறான். பெரியப்பா விடவில்லை. கோயம்புத்தூரில் பெரிய காலேஜ், மேனேஜ்மென்ட் சீட், ஏஐ குரூப், ஒரு ஏக்கரை அடகு வைத்தால் முடிந்தது என்கிறாராம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. நிலத்தை அடகு வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். கவுன்சலிங்கில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. அந்தச் சலுகையையும் விட்டு, வட்டியும் கட்டி, பையன் கேட்காத படிப்பை ஏன் வாங்க வேண்டும்? பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். வட்டி கட்டப் போவது நீங்கள்.

அவன் இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் எடுக்கட்டும். கல்லூரியை மட்டும் பேரை வைத்து முடிவு செய்யாதீர்கள், லேபை வைத்து முடிவு செய்யுங்கள். பல இடங்களில் ஒருவன் வயரைச் செருகுவான், ஐந்து பேர் நின்று ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவதும் ஊரறிந்த சங்கதி. ஆனால் முதல் வருடத்திலிருந்தே ஆளுக்கொரு பொருளைச் செய்ய வைக்கிற ஆசிரியர்கள், அதிகம் பேசப்படாத கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகிற பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்க்கவில்லை.

அந்த மாதிரி லேபில் பெரும்பாலும் 555 டைமரில் தொடங்குவார்கள், எல்இடியை விட்டு விட்டு மின்ன வைக்கிற சின்ன சிப். 1972-இல் சந்தைக்கு வந்தது. இன்றும் சென்னை ரிச்சி தெருவில் டீக்காசுக்குக் கிடைக்கும். 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் போட்டால், சூத்திரப்படி எல்இடி நிமிடத்துக்கு 63 முறை மின்ன வேண்டும். பையன் வாட்சைப் பார்த்து எண்ணினால் 54 வரும். சூத்திரத்தில் தப்பில்லை. அந்த வகைக் கெபாசிட்டரில் அச்சடித்த மதிப்பு 20 சதவீதம் வரை கூடும், குறையும். புத்தகத்தில் இதைப் படித்தவன் மறந்துவிடுவான். எண்ணிப் பார்த்துக் குழம்பினவனுக்கு மறக்காது.

அப்புறம் 7805 என்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர். 12 வோல்ட்டை 5 ஆக்கித் தரும். அரை ஆம்பியர் இழுத்தால் மிச்சமுள்ள 7 வோல்ட் அப்படியே சூடாகிப் போகும், மூன்றரை வாட். சூட்டை இழுக்கிற உலோகத் துண்டான ஹீட் சிங்க்கை மாட்டாமல் விட்டால் விரல் சுடும், கொஞ்ச நேரத்தில் சர்க்யூட் தானாக நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பையன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் திண்டாடுவான். காரணத்தை உடனே சொல்லிவிடாமல் பக்கத்தில் நிற்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்தக் கல்லூரிக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன். மூன்றாம் வருடம் அவனே பிசிபி, அதாவது சர்க்யூட் போர்டு வரைந்து, சால்டர் வைத்து, ஓடாததை ஓட வைத்திருப்பான். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ கம்பெனி இன்டர்வியூவில் உட்காரும்போது சொல்வதற்கு அவனிடம் சொந்தமாக ஒரு கதை இருக்கும்.

கவுன்சலிங்கில் கல்லூரி வரிசையைப் போட்டு சாய்ஸ் லாக் செய்வதற்கு முன் பையனைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிக்குப் போய் வாருங்கள். பிரின்சிபால் அறையில் நேரத்தைப் போக்காதீர்கள். மின் சிக்னலைத் திரையில் காட்டுகிற ஆசிலோஸ்கோப் உறைக்குள்ளேயே கிடக்கிறதா, வேலை செய்யாமல் போன போர்டுகள் மேசையில் இருக்கின்றனவா, ஐந்து மணிக்கு மேல் லேப் சாவி கிடைக்குமா என்று பாருங்கள். இரண்டாம் வருடப் பையன் ஒருவனைப் பிடித்து, "கடைசியா நீயே செஞ்சது என்னப்பா?" என்று கேளுங்கள். ரெக்கார்டு நோட்டை நீட்டினால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுங்கள். பையிலிருந்து ஒரு போர்டை எடுத்துக் காட்டினால், உங்கள் மகனை அவனோடு பேச விட்டுவிட்டு நீங்கள் வெளியே மரத்தடியில் உட்காருங்கள்.