கான்ஃபரன்ஸில் எந்த அறையில் உட்காருவது?

அன்புள்ள ஐயா,

பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் வேலூரில் நடக்கும் இரண்டு நாள் கருத்தரங்குக்கு எங்கள் வகுப்பிலிருந்து சிலரை அழைத்துப் போகிறார்கள். நிகழ்ச்சி நிரலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் பேச்சு. பாதித் தலைப்புகள் வாயில் நுழையவே இல்லை. "ஒன்றும் புரியாது, ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு) கிடைக்கும், சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு ரெண்டாம் நாள் மதியமே கிளம்பிடலாம்" என்கிறார்கள் சீனியர் அக்காக்கள். பதிவுக் கட்டணத்தை அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. போகலாமா? போனால் எதில் உட்காருவது?

ஒரு மாணவி, குடியாத்தம்

அன்புள்ள மாணவிக்கு,

போங்கள். மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று துறையில் விசாரித்துவிட்டு அப்பாவிடம் தயங்காமல் கேளுங்கள்.

அக்காக்கள் சொல்வதில் பாதி உண்மை. பேச்சுகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சி செய்பவர்களை மனதில் வைத்துத் தயாரித்தவை. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில், இளநிலை மாணவர்கள் தாங்கள் செய்த வேலையைத் தாங்களே மேடையேறிச் சொல்லத் தனி அமர்வுகள் உண்டு. நம் கல்லூரிகளும் அதற்கென்று அரைநாள் ஒதுக்கினால் குடி முழுகிப் போய்விடாது. ஒதுக்கத்தான் வேண்டும். அதுவரை உங்களுக்கான அமர்வை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து வரும் முதல் சிறப்புரையை விடாதீர்கள். நல்ல பேச்சாளர் என்றால் முதல் கால்மணி நேரம் எல்லோருக்கும் புரியும்படி பேசுவார். அப்புறம், மருத்துவ இயற்பியல் பற்றி ஓர் உரை நிரலில் இருக்கிறது. அதில் உட்காருங்கள். சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊர் வேலூர். கதிர்வீச்சு சிகிச்சையில் எவ்வளவு டோஸ், உடம்பில் எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போடுவது இயற்பியல் படித்தவர்களின் வேலை. உங்கள் படிப்புக்கு அப்படி ஒரு வழி இருப்பது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை. ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்திலிருந்து யாராவது பேசினாலும் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போய்விடலாம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்குவதை அந்த மலையில் கவனித்துக்கொண்டிருந்தவர்கள், விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். கோளைச் சுற்றியிருக்கும் வளையம் குறுக்கே வந்ததால் ஏற்பட்ட மங்கல் அது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிக்கொடுத்த பதிவுகளில் அதுவும் ஒன்று.

ஆனால் என்னைக் கேட்டால், நீங்கள் அதிக நேரம் இருக்க வேண்டிய இடம், ஆய்வுகளைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி வைத்திருக்கும் போஸ்டர் அமர்வுதான். ஒவ்வொரு போஸ்டருக்குப் பக்கத்திலும் ஓர் ஆராய்ச்சி மாணவர் நின்றுகொண்டிருப்பார். வருகிறவர்களில் பலர் கையில் டீயோடு தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். நிரலில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் பற்றி மட்டும் நான்கு போஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றில் முகடு முகடாக ஓர் எக்ஸ்-கதிர் வரைபடம் இருக்கும். 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே மூன்று முகடுகள் அடுத்தடுத்து எழும். மூன்றாவது 36 டிகிரிக்குப் பக்கத்தில். எக்ஸ்-கதிர் திரும்பும் கோணத்திலிருந்து படிகத்தின் அணுத்தளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட நீங்கள் படித்த பிராக் விதியேதான் அது. கீழ் அச்சில் இருப்பது இரண்டு தீட்டா, அதனால் கோணத்தைப் பாதியாக்கி 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிர எக்ஸ்-கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). அங்கேயே காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அணுத்தளங்களின் இடைவெளி சுமார் 2.5 ஆங்ஸ்ட்ராம் என்று வரும். பிறகு அவரிடம், "இந்த முகடு ஏன் இவ்வளவு அகலமா இருக்கு?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். படிகம் சிறுத்தால் முகடு அகலும். அந்த அகலத்திலிருந்துதான் நானோ அளவைக் கணக்கிட்டிருப்பார். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. நேரம் போவது தெரியாமல் சொல்லித் தருவார்.

பெரியவர்களிடம் போய்ப் பேசவும் தயங்காதீர்கள். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர், அப்போது மாநிலக் கல்லூரி மாணவர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ப் பார்த்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயதுதான். சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தார். அதில் இருக்கும் இயற்பியல் அதற்குள் பழையதாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், உலோகங்களின் எலக்ட்ரான்கள் பற்றித் தாம் புதிதாக எழுதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதில் அறிமுகமான, எலக்ட்ரான்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஃபெர்மி-டிராக் புள்ளியியலைத்தான் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறு விண்மீன்களுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களுக்கு) பொருத்திப் பார்த்தார் சந்திரசேகர். படித்துவிட்டுப் போனதால்தான் அந்தச் சந்திப்பு வெறும் வணக்கத்தோடு முடியவில்லை. நீங்களும் முந்தின நாளே கட்டுரைச் சுருக்கங்களைப் புரட்டி, இரண்டு கேள்விகளையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் கிளம்புவது மட்டும் வேண்டாம். நிரலில் போஸ்டர் அமர்வு அன்றைக்கு இரண்டரை மணிக்குத்தான் தொடங்குகிறது. குடியாத்தத்துக்குச் சாயங்காலமும் பஸ் இருக்கிறது.