தரங்கம்பாடி மணலும் சிஞ்சு பாட்டியும்

அன்புள்ள ஐயா,

தைவானில் சிஞ்சு நகரத்தில் மூன்று வருடமாக ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரரின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். வாராவாரம் அவரைப் பார்க்க இரண்டு அமெரிக்கப் பையன்கள் சைக்கிளில் வருவார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையின் மதப்பிரச்சார ஊழியர்கள். ஒருவனுக்குப் பத்தொன்பது வயதுதான். புயலில் விழுந்த கிளைகளை வெட்டி அள்ளினார்கள். பாட்டிக்கு அரிசி மூட்டை தூக்கித் தருகிறார்கள். புதன்கிழமை இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் திங்கள்கிழமை துணி துவைத்துவிட்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுவானாம். போன வாரக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினான். இரண்டு குடும்பங்களுக்குப் போதித்தோம், ஒரு பாட்டிக்கு உதவினோம், நாற்றமடிக்கும் தோஃபு (சோயாக்கட்டி) சாப்பிட்டேன், அவ்வளவுதான். பாட்டி என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அது என்னவென்று அவன்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு என்னிடமும் ஒரு புத்தகத்தை நீட்டினான். இது சேவையா, ஆள்பிடிப்பா? இவர்கள் உளவாளிகள் என்கிறார்கள் நண்பர்கள்.

கே., சிஞ்சு

அன்புள்ள கே.,

உளவாளிக் கதையை உங்கள் நண்பர்களிடமே விட்டுவிடுங்கள். உளவு பார்க்க வருகிறவன் நெஞ்சில் பெயரைக் குத்திக்கொண்டு வரமாட்டான். தோஃபு அவன் பாடு.

சேவையா ஆள்பிடிப்பா என்றால் இரண்டும்தான். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பையன்களுக்கு இரண்டு வருட ஊழியம், எந்த நாடு என்பதைச் சபை முடிவு செய்யும், சம்பளம் கிடையாது, எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போகவேண்டும். அவர்கள் சொல்லும் இறையியலில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. இதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை எரிச்சல்படுத்தியது வேறு ஒரு வரி. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன வரி. பாட்டி உங்களைப் பார்த்துச் சொன்னதை உங்களுக்கு விளங்கவைக்க ஓர் அமெரிக்கப் பையன் தேவைப்பட்டான். மூன்று வருடமாக அந்த அம்மாளின் தலைக்குமேல் நடமாடுகிறீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்க நாலு வார்த்தை தெரியாதா உங்களுக்கு? ஆராய்ச்சிக்கு ஆங்கிலம் போதும் என்பீர்கள். போதும்தான். பாட்டிக்குப் போதாதே தம்பி.

சில வாரங்களாக நான் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியாரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் வந்த கோபம் இது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கும் சின்ன வயதுதான், இருபத்து மூன்றோ நான்கோ. அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் அங்கே கோட்டையில் இருந்த டேனிஷ் ஆளுநருக்கே அவரைப் பிடிக்கவில்லை. பிறகு நான்கு மாதம் சிறையிலும் போட்டார். தமிழ் கற்க அவர் செய்தது இதுதான்: ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகள் மணலில் எழுத, அவர்களுக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்து எழுதினார்.

நானும் மணலில் எழுதிப் படித்தவன். அதில் கவித்துவம் ஒன்றும் கிடையாது. வாத்தியார் நம் ஆள்காட்டி விரலைப் பிடித்து அழுத்தி இழுப்பார், தோல் சிவந்து எரியும். அழுதால் இன்னும் அழுத்துவார். ஹாலேயில் இறையியல் படித்துவிட்டு வந்த ஒரு ஜெர்மானியர், மூக்கு ஒழுகும் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில் அப்படி விரல் தேய்த்திருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், வேறென்ன செய்வார்கள்?

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை முந்தைய சொற்களைத் திருப்பிப் படிப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இதுவரை படிக்காத தமிழ் நூல் ஒன்று. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடி வாசிப்பு. இரவு கண் கெட்டுவிடும் என்பதால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பது. ஏடுகள் தேடி உள்நாட்டுக்கு ஆள் அனுப்பினார். கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். மதம் மாற்ற வந்தவர்தான், கடைசிவரை அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நம் சாமிகளைப் பொய் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தச் சாமிகளைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு, கடிதம் எழுதி விசாரித்து, 1713-இல் தடித்த நூல் ஒன்றை எழுதி ஹாலேயில் இருந்த சபைப் பெரியவர்களுக்கு அனுப்பினார்.

அவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது பதில். அந்த நூல் அச்சேறியது 1867-இல், அதுவும் சென்னையில். அவர் 1719-இல் முப்பத்தாறு வயதில் செத்துப்போனவர்.

நான் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான். வெளியே போகிற பிள்ளையிடம் வீடு கேட்பது ஒரே கேள்வி, என்ன கொடுத்தாய்? எத்தனை பேருக்குப் போதித்தாய், எத்தனை மூட்டை தூக்கினாய்? அந்தப் பையனும் அதற்குத்தான் கணக்கு எழுதுகிறான். மாண்டரின் சீனம் போன்ற ஒரு மொழியை, பாட்டியின் கேலி புரிகிற அளவுக்குக் கற்றிருக்கிறான், அதற்குக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாட்டியும் இருப்பார். அவரையும் உதவி பெற்றவர் என்றுதான் எழுதுகிறான். உங்கள் வீட்டிலும் வேறென்ன கேட்கிறார்கள்? எத்தனை கட்டுரை வெளிவந்தது, உதவித்தொகை எவ்வளவு மிச்சம். அவன் ஒரு கணக்கு, நீங்கள் ஒரு கணக்கு. ஆனாலும் அவனுக்குப் பாட்டி சொல்வது புரிகிறது. உங்களுக்கு அவனை எடைபோட மட்டும்தான் தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நேர்மையான கடிதம் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சரி, புதன்கிழமை வகுப்புக்குப் போகவேண்டாம், உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. அந்த ஒரு மணி நேரம் கீழே போய்ப் பாட்டியிடம் உட்காருங்கள். நிறையச் சிரிப்பார், பரவாயில்லை. புத்தகத்தைப் பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாள் முழுக்க அதைக் கேட்கிறவர்கள்தான் அவர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள், வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறார்கள்.