ஓடைக்கரைக்கு 300 கன்று வேண்டுமா?

சுங்கை சிப்புட் வாசகர் கேட்கிறார்: ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். ஓரத்தில் மூன்று மீட்டர் அகல ஓடை. என் பக்கக் கரை 120 மீட்டர் நீளம். அங்கே காட்டு மரம் வளர்க்க ஆசை. ஓர் ஏஜண்டு, கன்று 18 ரிங்கிட் வீதம் 300 கன்று வேண்டும், பாதி மெராந்தி என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். ஐந்து மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு வடிகால் துறையின் வழிகாட்டியில் ஒதுக்கு நிலம் கரைக்கு ஐந்து மீட்டர்தான். மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் இரண்டு வரிசை, வரிசைக்கு 40, ஆக 80 குழி. 300 கன்று எங்கே போகும்? மெராந்தி ஆண்டுதோறும் காய்க்காது. விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். வருடம் முழுக்க விதை பாக்கெட் விற்பவரை நம்பவே நம்பாதீர்கள். மெராந்திக் கன்றுக்கு இளம் வயதில் நிழல் வேண்டும், திறந்த கரையில் பெரும்பாலும் கருகிவிடும். 'சீக்கிரம் வளரும் காட்டு மரம்' என்று அக்காசியா மாங்கியத்தைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. அது நம் காட்டு மரமே அல்ல.

முதல் வேலை, அந்த ஐந்து மீட்டரில் மருந்து அடிப்பதை நிறுத்துவது. மெர்பா எனும் கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் சிறுவிதைகளைக் கொண்டுவந்து போடும். மாஹாங் என்ற காட்டு மரம் தானாக எழும்பும். அகல இலை, சில வகைகளில் தண்டு உள்ளீடற்றிருக்கும், உள்ளே சிற்றெறும்பு குடியிருக்கும். களை என்று கூலியாள் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டவிடாதீர்கள், நிழல் தருவது அதுதான்.

லாலான் புல்லோ மிகானியா கொடியோ மூடிய கரை மட்டும் தானாகத் தேறாது. விழுந்த விதைக்கு மண்ணும் வெளிச்சமும் எட்டாது. முளைத்ததையும் கொடி அமுக்கிவிடும். அங்கே கொடியை வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கியதை ஈர மண்ணில் விட்டுவைத்தால் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். முளைத்த ஒவ்வொரு மரக்கன்றையும் சுற்றி அரை மீட்டர் கையால் களையெடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம். இதில் சோம்பினால் போட்ட காசு ஓடையோடு போகும்.

குருவி சுமக்க முடியாத பெருவிதை மரங்களை மட்டும் வாங்குங்கள். கசாய், காப்பிஸ் போதும். காப்பிஸ் நம் அசோக மரத்தின் உறவு. பேராக் ஓடைக்கரைகளில் அடிமரத்திலேயே மஞ்சள் கொத்தாகப் பூக்கும். 30, 40 கன்று, முழங்கால் உயரத்துக்கு மேல். பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் அடியில் சுருண்டிருந்தால் வாங்காதீர்கள், மரமான பிறகு சாயும். குழி ஒரு அடிக்கு ஒரு அடி. மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள்.

நடும் நாளில் கன்றை எண்ணிப் படம் எடுக்கத்தான் எல்லாத் திட்டங்களுக்கும் நேரம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருப்பதை எண்ண ஒருவரும் வருவதில்லை. பலகை நிற்கும், மரம் நிற்காது. நீங்களாவது எண்ணுங்கள்.

அந்த ஐந்து மீட்டர் பட்டையில் ஏற்கெனவே நிற்கும் செம்பனையை இப்போது வெட்ட வேண்டாம், கரை சரியும். உரமும் மருந்தும் போடாமல் மறுநடவு வரை விடுங்கள். மறுநடவில் அந்த இடத்தில் செம்பனை வேண்டாம்.